கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகளுக்கு ஏற்ற பாட்டுக் கருவி

தேனி மாவட்டத்தில் பயணம் என்பது பெரும்பாலும் மலையை நோக்கிச் செல்வதாகவோ மலையிலிருந்து இறங்குவதாகவோ அமைந்திருக்கிறது. தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலை லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளிக்கு ஏறுகிறது. போடிநாயக்கனூரிலிருந்து புறப்படும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்து மூணாறு நோக்கிச் செல்கிறது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் தனித்தனி மலைச்சாலைகள் உண்டு. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்பில் ஏறிச் சென்று மாலையில் திரும்பும் தொழிலாளர்கள், மதுரைக்கும் தேனிக்கும் பேருந்திலும் ரயிலிலும் சென்றுவரும் மாணவர்கள், அலுவலர்கள், வியாபாரிகள், கார்த்திகையிலும் மார்கழியிலும் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் என இச்சாலைகளில் நாள்தோறும் செல்வோர் பலராக இருக்க, அவர்களுடைய பயண நேரத்தில் கணிசமான பகுதி பாட்டோடுதான் கழிகிறது.

இப்பள்ளத்தாக்குக்கும் தமிழ்த் திரையிசைக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. இளையராஜா 1943இல் பிறந்த பண்ணைப்புரம், தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையே மலையடிவாரத்தில் இருக்கிறது. இயக்குநர் பாரதிராஜாவின் ஊரான அல்லிநகரம் இன்று தேனி நகரின் ஒரு பகுதி. வைரமுத்து வளர்ந்த வடுகபட்டி பெரியகுளத்துக்கு அருகில் உள்ளது. இம்மூவரும் முதன்முதலாக ஒன்றுசேர்ந்த ‘நிழல்கள்’ 1980இல் வெளிவந்தது. இத்தகைய மண்ணில் பாட்டு கேட்பதற்கான கருவியைத் தேர்ந்தெடுப்பது சிறிய விஷயமாகத் தோன்றினாலும், கவனித்துச் செய்ய வேண்டிய ஒன்றாகும். கடையில் காட்டப்படும் எண்களையும் விளம்பரங்களையும் வைத்துத் தேர்ந்தெடுப்பதைவிட, செல்லும் சாலையையும் கேட்கும் ஆளையும் வைத்துத் தேர்ந்தெடுப்பதே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கேசட்டிலிருந்து சில்லு வரை

கையில் எடுத்துச் செல்லும் இசைக்கருவியின் வரலாறு, நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டிலிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழ 3.8 மில்லிமீட்டர் அகலமுள்ள காந்த நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடி ஒலியைத் தந்தது. ஜப்பானின் சோனி நிறுவனம் 1979 ஜூலையில் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, நடந்துகொண்டே தனியாகப் பாட்டு கேட்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் அக்காலம் ரெக்கார்டிங் சென்டர்களின் காலமாக இருந்தது: விரும்பிய பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால், பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் 60 நிமிடக் கேசட்டிலோ, பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் 90 நிமிடக் கேசட்டிலோ பதிந்து கொடுப்பார்கள். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் ஆறேழு பாடல்களே அடங்கும் என்பதால் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வர வேண்டும் என்பதை எழுதிக் கொடுப்பவர் யோசித்தே முடிவு செய்தார்.

1982இல் விற்பனைக்கு வந்த சிடி ஒலித்தரத்தை உயர்த்தியது என்றாலும், தட்டின்மீது ஒளிக்கற்றையை ஓடவிட்டுப் படிக்கும் முறை என்பதால், குண்டும் குழியுமான சாலையில் வண்டி குலுங்கும்போது பாட்டு தாவியது. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் ஐபாடின் உள்ளேயும் சுழலும் சிறிய வன்தட்டுதான் இருந்தது. அதன் கொள்ளளவு 5 ஜிபி. பின்னர் வந்த கருவிகளில் நினைவகச் சில்லு, அதாவது அசையும் பாகம் எதுவும் இல்லாமல் தகவலைச் சேமிக்கும் மின்னணுத் துண்டு, அந்த வன்தட்டின் இடத்தைப் பிடித்தது. போடிமெட்டு வளைவுகளில் ஜீப் எவ்வளவு ஆடினாலும் சில்லில் உள்ள பாட்டு தடுமாறாது. இந்த ஒரு காரணத்தாலேயே மலைப்பயணத்துக்கு இன்றைய எளிய கருவியும் அன்றைய விலையுயர்ந்த கருவியைவிடப் பொருத்தமானது எனலாம். ஐபாடின் தயாரிப்பை ஆப்பிள் 2022 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. ஆயினும் பாட்டுக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் இன்னமும் கிடைக்கின்றன. சட்டைப்பையில் கிளிப் போட்டு மாட்டும் எளிய கருவி முதல் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் ஓடும் விலை மிகுந்த வாக்மேன் வரை அவை பல வகைப்படும்.

டவர் கிடைக்காத இடங்கள்

கைபேசி எல்லோரிடமும் இருக்கையில் தனிக்கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. சமவெளியில் மட்டும் பயணம் செய்பவருக்குக் கைபேசியே போதும். ஆனால் இணையவழிப் பாட்டுச் செயலி, பாட்டை அவ்வப்போது இணையத்திலிருந்து இழுத்து ஒலிக்கச் செய்வதால், கைபேசிக் கோபுரத்தின் அலை தொடர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் ஒழுங்காக இயங்கும். மலைச்சாலையில் ஒரு வளைவில் கிடைக்கும் அலை அடுத்த வளைவில் பாறைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் பாட்டு நிற்கிறது, கைபேசியோ அலையைத் தேடித் தேடித் தன் பேட்டரியை வழக்கத்தைவிட விரைவாகத் தீர்த்துவிடுகிறது. ஏலத்தோட்டத்தில் இறங்கிய பின் வீட்டுக்கு ஓர் அவசர அழைப்பு செய்ய வேண்டியவருக்கு, பாட்டு கேட்டே தீர்ந்துபோன கைபேசியால் பயனில்லை.

சந்தா கட்டிய செயலிகளில் பாடல்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் அவ்வாறு இறக்கிய பாடல் கேட்பவருக்குச் சொந்தமாவதில்லை. எடுத்துக்காட்டாக, ஸ்பாட்டிஃபை செயலியில் இறக்கிய பாடல்கள் தொடர்ந்து ஒலிக்க வேண்டுமானால் 30 நாள்களுக்கு ஒருமுறையேனும் இணையத்தோடு இணைய வேண்டும். சந்தா நின்றால் இறக்கியவையும் நின்றுவிடும். பாடலின் உரிமை பெற்ற நிறுவனத்துக்கும் செயலிக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால், நேற்றுவரை பட்டியலில் இருந்த பாட்டு இன்று காணாமல் போவதும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து கணினி வழியாகக் கோப்பாக மாற்றிக்கொண்டதையும், முறையாக விலைக்கு வாங்கிய பாட்டுக் கோப்பையும் எவரும் திரும்பப் பெற முடியாது. இதனால் பாட்டைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கருவி, அது பழைய கைபேசியாக இருந்தாலும் சரி, இப்பள்ளத்தாக்குக்கு முதல் தேவையாகிறது.

எண்களும் காதும்

கருவி வாங்கச் செல்பவரைக் குழப்புவன ஒலித்தரம் பற்றிய எண்களே. சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது. ஒரு நொடி இசைக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தகவல் தேவைப்படுவதால், ஐந்து நிமிடப் பாட்டு 50 எம்பிக்குமேல் இடம் பிடிக்கும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் பங்களிப்போடு உருவாகி, 1995இல் அப்பெயர் பெற்ற எம்பி3 முறை, காதின் இயல்பு ஒன்றைப் பயன்படுத்திக்கொள்கிறது. உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதை ஒட்டிய சுருதியில் உள்ள மெல்லிய ஒலியைக் காது உணர்வதில்லை. அவ்வாறு உணராத பகுதிகளை நீக்கிவிட்டு மீதியைச் சேமித்தால் இடம் பெரிதும் மிச்சமாகும். நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் அதே ஐந்து நிமிடப் பாட்டு 5 எம்பிக்குள் அடங்கும். 320 கிலோபிட் அளவில் 12 எம்பி ஆகும். ஃப்ளாக் என்பது எதையும் நீக்காமல் மடித்துவைக்கும் முறை. அதில் பாட்டு ஏறத்தாழ 30 எம்பி வரை வரும்.

இதன் பொருள், 32 ஜிபி நினைவக அட்டை ஒன்றில் 128 கிலோபிட் அளவில் ஏறத்தாழ 6,000 பாடல்களும், 320 கிலோபிட் அளவில் 2,500 பாடல்களும், ஃப்ளாக் முறையில் 1,000 பாடல்களும் அடங்கும் என்பதாகும். 2,500 பாடல்களை இடைவிடாது கேட்டால் எட்டு நாள்களுக்கு மேல் ஆகும் என்பதால், பெரும்பாலோருக்கு 32 ஜிபியே தாராளம். அதற்குமேல் ‘உயர்தெளிவு’ என்ற பெயரில் நொடிக்கு 96,000, 1,92,000 முறை அளந்த ஒலியைத் தரும் கருவிகளுக்குப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஓடும் பேருந்திலும் ஜீப்பிலும் எஞ்சின் இரைச்சல், காற்று, ஆரன் ஆகியவற்றுக்கிடையே அந்த நுண்மை காதுக்கு எட்டாது. நல்ல மூலத்திலிருந்து எடுத்த 256 அல்லது 320 கிலோபிட் எம்பி3 பயணத்துக்கு முற்றிலும் போதுமானது.

மூலம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேய்ந்த கேசட்டிலிருந்து பதிந்து, 128 கிலோபிட்டாகச் சுருக்கி, பின்னர் 320 கிலோபிட் என்று மாற்றிச் சேமித்த கோப்பு, எண்ணில் உயர்ந்திருந்தாலும் ஒலியில் உயர்வதில்லை. ஒருமுறை நீக்கிய பகுதி திரும்பி வராது. பாட்டு தெளிவில்லை என்று கருவியை மாற்றுவோர் பலர், உண்மையில் மாற்ற வேண்டியது கோப்பைத்தான்.

காதில் மாட்டுவதே பாதிக் கருவி

பயணத்தில் கேட்கும் ஒலியின் தரத்தைக் கருவியைவிட அதிகமாகத் தீர்மானிப்பது இயர்போன். பேருந்து எஞ்சினின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் அமைந்திருப்பதால், அது பாட்டில் உள்ள பேஸ் கிட்டாரையும் மிருதங்கத்தின் தொப்பி ஒலியையும்தான் முதலில் மூடிவிடுகிறது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணைபோவதோடு நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டைப் பின்னிக்கொண்டே செல்வது. எஞ்சின் இரைச்சலில் அது காணாமல் போனால் பாட்டின் பாதி போனது போலத்தான். அதை மீட்க வேண்டிக் கேட்பவர் ஒலியளவைக் கூட்டுகிறார். காதுக்குத் தீங்கு வருவது இவ்விடத்தில்தான்.

பெரியவர் ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை 80 டெசிபல் அளவில் கேட்கலாம் என்றும், 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரமே பாதுகாப்பு என்றும் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. டெசிபல் என்பது ஒலியின் வலிமையை அளக்கும் அலகு. அதில் 3 கூடினால் ஒலியாற்றல் இருமடங்காகும், பாதுகாப்பாகக் கேட்கும் நேரமோ பாதியாகும். தேனியிலிருந்து மதுரைக்கு நாள்தோறும் போய்வருபவர் வாரத்தில் இருபது மணி நேரத்துக்கும் குறையாமல் பயணம் செய்கிறார் என்பதை நினைத்தால் இந்த வரம்பின் அருமை விளங்கும். எனவே ஒலியைக் கூட்டுவதைவிட இரைச்சலைக் குறைப்பதே அறிவுடைமை. காதுத்துளையில் சரியாகப் பொருந்தும் ரப்பர் முனையுள்ள இயர்போன், குறைந்த விலையிலேயே வெளி இரைச்சலைப் பெருமளவு தடுத்துவிடும். பெட்டியில் உள்ள சிறிய, நடுத்தர, பெரிய முனைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, பேஸ் ஒலி திடீரென்று நிறைந்து கேட்கும் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவே காதுக்குச் சரியான அளவு என்பதற்கு அடையாளம். வெளி ஒலியைச் சிறு மைக் மூலம் அளந்து அதற்கு எதிரான அலையை எழுப்பி அழிக்கும் இயர்போன்கள், எஞ்சினைப் போன்ற சீரான தாழ்ந்த இரைச்சலுக்கு நன்றாகப் பயன்படும். ஆரனுக்கும் பேச்சுக்கும் அவ்வளவு பயன்படா. மலை ஏறும்போது காற்றழுத்தம் குறைவதால், இறுக்கமான முனை போட்ட காது அடைத்ததுபோல் தோன்றலாம். ஒருமுறை கழற்றி எச்சில் விழுங்கினால் சரியாகும்.

நடத்துநரின் குரலுக்காகவோ பக்கத்தில் இருப்பவரின் பேச்சுக்காகவோ ஒரு காதை மட்டும் மூடிக் கேட்பவர்கள் நம்மிடையே அதிகம். ஸ்டீரியோ முறையில், இடது காதுக்கு ஒன்றும் வலது காதுக்கு ஒன்றுமாக இரு தடங்களில் ஒலி பதியப்படுகிறது. தமிழில் அவ்வாறு பாடல்கள் பதிவான முதல் படமாக அறியப்படுவது 1978இல் வந்த ‘ப்ரியா’. அத்தகைய பதிவில் வயலின் ஒரு பக்கமும் கிட்டார் மறுபக்கமும் இருந்தால், ஒற்றைக் காதால் கேட்பவருக்கு ஒரு வாத்தியம் முழுவதுமாக விடுபட்டுப் போகும். இரு தடங்களையும் ஒன்றாக்கித் தரும் ‘மோனோ’ வசதி பெரும்பாலான கைபேசிகளின் அமைப்புப் பகுதியில் இருக்கிறது. தனிக்கருவி வாங்குவோர் அவ்வசதி உண்டா என்று கேட்டு வாங்குவது நல்லது.

கம்பியில்லா இயர்போனா, கம்பியுள்ளதா என்பதும் பயணத்தின் நீளத்தைப் பொறுத்தது. புளூடூத் சிறு இயர்போன்கள் ஒருமுறை மின்னேற்றினால் சில மணி நேரமே உழைக்கும். கம்பத்திலிருந்து சென்னைக்கு இரவு முழுவதும் பேருந்தில் செல்பவருக்கு அது போதாது. கம்பியுள்ளதற்கு மின்னேற்றமே வேண்டாம். குலுங்கும் ஜீப்பில் காதிலிருந்து நழுவினாலும் கம்பியில் தொங்கும், பள்ளத்தில் விழாது.

காரிலும் ஜீப்பிலும்

வண்டியில் உள்ள ஆடியோ செட்டுக்குப் பாட்டைக் கொண்டுசெல்ல நான்கு வழிகள் உண்டு: பென் டிரைவ், புளூடூத், ஆக்ஸ் எனப்படும் 3.5 மில்லிமீட்டர் கம்பி, எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். இவற்றில் மலைப்பயணத்துக்கு நம்பகமானது பென் டிரைவ்தான். அதற்குப் பேட்டரி வேண்டாம், அலை வேண்டாம், அழைப்பு வந்து பாட்டை நிறுத்துவதும் இல்லை. அதைத் தயாரிப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. பல கார் செட்டுகள் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஒழுங்குபடுத்திய டிரைவை மட்டுமே படிக்கும் என்பதால், 32 ஜிபி அளவுள்ள டிரைவைக் கணினியில் அம்முறையில் ‘ஃபார்மேட்’ செய்துகொள்வது பாதுகாப்பானது. சில செட்டுகள் அகரவரிசையைக் கவனிக்காமல், கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையிலேயே பாடும். எனவே கோப்பின் பெயருக்கு முன் 001, 002 என்று எண்ணிட்டு, அதே வரிசையில் படியெடுக்க வேண்டும். தமிழில் எழுதிய பெயர்கள் பல செட்டுகளின் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. வாங்குமுன் தமிழ்ப் பெயருள்ள ஒரு கோப்பைப் போட்டுப் பார்ப்பதும், தெரியாவிட்டால் ஆங்கில எழுத்தில் பெயரிடுவதும் நடைமுறைத் தீர்வாகும்.

எழுபதுகளின் பதிவும் இன்றைய பதிவும் ஒரே ஒலியளவில் இருப்பதில்லை. பழைய பாட்டுக்காகக் கூட்டிவைத்த ஒலி, அடுத்து வரும் புதிய பாட்டில் திடீரென்று அலறி ஓட்டுநரைத் திடுக்கிடச் செய்யும். எல்லாக் கோப்புகளின் ஒலியளவையும் அளந்து சமப்படுத்தும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. குடும்பப் பயணத்துக்கு முன் ஒருமுறை அதைச் செய்துவிட்டால் வழியெல்லாம் நிம்மதி.

புளூடூத் வசதியானது. ஆனால் அதன் ஒலித்தரம், கருவியும் செட்டும் எந்தச் சுருக்குமுறையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதைப் பொறுத்தது. எல்லாக் கருவிகளிலும் உள்ள எஸ்பிசி முறையே ஓடும் வண்டிக்குப் போதும். ஆக்ஸ் கம்பி எளியது. ஆனால் கைபேசியை வண்டியிலேயே மின்னேற்றிக்கொண்டு ஆக்ஸில் இணைத்தால் எஞ்சின் வேகத்துக்கேற்ப ஒரு ரீங்காரம் கேட்பதுண்டு, மின்னேற்றியைக் கழற்றினால் அது மறையும். புளூடூத்தும் ஆக்ஸும் இல்லாத பழைய வண்டிகளுக்கு மட்டும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் உதவும். ஊர் மாறும்போது வானொலி நிலையங்கள் குறுக்கிடுவதால் அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்க நேரும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, காசில்லாமல் கிடைக்கும் வானொலியை மறப்பதற்கில்லை. கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் பண்பலை, உயரத்தின் காரணமாகச் சமவெளியில் நெடுந்தூரம் தெளிவாகக் கேட்கிறது. பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும் அலை என்பதால், மலைத்தொடருக்கு மறுபுறம் இறங்கியதும் மங்கும். எனவே கருவியில் எஃப்எம் இருப்பது சமவெளிக்கு நல்ல துணை. மலைக்கு மாற்று அன்று.

பாதுகாப்பு பற்றி இரண்டு செய்திகள் அவசியம். ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதை, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அபாயகரமாக ஓட்டுதல் என்ற குற்றத்தில் சேர்த்திருக்கிறது. வளைவில் பாட்டை மாற்றத் திரையைத் தடவுவதைவிட, பார்க்காமலே விரலால் உணர்ந்து அழுத்தும் பொத்தான் உள்ள செட்டு உயிரைக் காக்கும். இருசக்கர வாகனம் ஓட்டுபவர் காதில் இயர்போன் மாட்டவே கூடாது. அடுத்து, சித்திரை வெயிலில் மூடிவைத்த காரின் டாஷ்போர்டில் கருவியை விட்டுச் செல்லக் கூடாது. லித்தியம் பேட்டரி வெப்பத்தில் விரைவாக வலுவிழக்கும், உப்பிப் போகவும் கூடும்.

யாருக்கு எது

நாள்தோறும் ஜீப்பில் தோட்டத்துக்குச் செல்பவருக்குப் பொத்தான்கள் உள்ள சிறிய எம்பி3 கருவியும் கம்பியுள்ள இயர்போனும் போதும். கைபேசியின் மின்னேற்றம் அழைப்புக்காக மிஞ்சும். தேனி, மதுரை என்று பேருந்திலும், 2023 ஜூன் முதல் மீண்டும் போடிநாயக்கனூர் வரை ஓடும் ரயிலிலும் செல்லும் மாணவர் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைபேசியில் நினைவக அட்டை போட்டு, விமானப் பயன்முறையில் வைத்தால் அதுவே நல்ல பாட்டுக் கருவியாகும். கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒழுங்காகத் தயாரித்த 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். திரையைத் தடவிப் பழகாத பெரியவர்களுக்கு, சரிகம நிறுவனம் 2017 முதல் விற்றுவரும் கார்வான் போன்ற, பாடல்களை உள்ளே பதித்துத் தரும் பெட்டி ஏற்றது; அந்நிறுவனம் உரிமை பெற்ற பாடல்களே அதில் இருக்கும் என்பதால், மற்றவற்றைப் பென் டிரைவில் போட்டுக் கேட்கும் வசதி அந்த மாதிரியில் உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். அமைதியான அறையில் அமர்ந்து நுணுகிக் கேட்கும் பழக்கம் உள்ளவர் மட்டுமே விலையுயர்ந்த உயர்தெளிவுக் கருவியை நாடலாம். அதைப் பயணத்துக்கென்று வாங்குவது வீண் செலவு.

கருவி வாங்கக் கிளம்பும் எவரும் முதலில் மூன்று செய்திகளைத் தாளில் குறித்துக்கொள்வது நலம்: நாளொன்றுக்கு எத்தனை மணி நேரப் பயணம், வழியில் எவ்வளவு தூரம் டவர் கிடைக்காது, கேட்பது தான் மட்டுமா வண்டியில் உள்ள அனைவருமா. இம்மூன்றுக்கும் விடை தெரிந்தவரைக் கடைக்காரரின் எண்கள் மயக்கா. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை நல்ல இயர்போனுக்கும் நல்ல பதிவுகளுக்கும் செலவிட்டு, மீதிக்குக் கருவி வாங்குங்கள். ஒலியளவைப் பாதிக்குமேல் கூட்டாமல் கேளுங்கள். கருவி பழுதானால் இன்னொன்று வாங்கலாம்; கெட்டுப்போன செவித்திறனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.